மறுபடியும் போட்டால் சரியாகிவிடுமா?

புனேயில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி. அதன் வரவேற்பறையில் இருபது வருடங்களாக டெலிபோன் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்மணியை டாக்டர்கள் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரும் ‘தாயி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். மராட்டியில் அக்கா என்று பொருள். சில மாதங்களுக்கு முன் ஒரு காலை நேரம். சோலாப்பூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, ஆஸ்பத்திரியின் கட்டணமில்லாத எண்ணுக்கு ஒரு பெண் பேசினாள். குழந்தைக்குக் காய்ச்சல், உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது. தாயி பதறாமல் இரண்டு கேள்விகள் கேட்டார். “குழந்தை டாக்டரிடம் கொடுக்கிறேன், வைத்துவிடாதே” என்று சொல்லிவிட்டுப் பட்டனை அழுத்தினார்.

அவ்வளவுதான். அழைப்பு டாக்டருக்கும் போகவில்லை, தாயிக்கும் திரும்பவில்லை. அந்தக் கணத்தில் கட்டடத்தில் யார் யார் பேசிக்கொண்டிருந்தார்களோ அத்தனை பேரின் டெலிபோன்களும் ஒரே சமயத்தில் ஊமையாயின. சுமார் பத்து விநாடி கழித்து எல்லாவற்றுக்கும் உயிர் வந்தது, ஒன்றுமே நடக்காதது போல.

தாயி மேஜை டிராயரிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பது போன்ற ஒரு நோட்டை எடுத்தார். மணி 11.10, சோலாப்பூர், குழந்தை, கட் என்று ஒரு வரி எழுதி மூடிவைத்தார். அந்த வரிக்கு மேலே அதே மாதிரி வேறு வரிகளும் இருந்தன.

இந்தக் காட்சி என் கண்ணில் பட்டது தற்செயல்தான். ஆஸ்பத்திரியின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சைப் பராமரிக்கும் வேலை அந்த வாரம்தான் என் அண்ணன் மகளின் கைக்கு வந்திருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு அவளை அழைத்துப் போக வந்தவன், சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

எக்ஸ்சேஞ்ச் என்றதும் நம் தலைமுறைக்கு, ஒரு அறையை அடைத்து நின்று கடகடவென்று சத்தம் போடும் அலமாரிகள்தான் நினைவுக்கு வரும். இப்போது அதெல்லாம் இல்லை. டைனிங் டேபிளின் மூலையில் வைத்துவிடக்கூடிய ஒரு கம்ப்யூட்டர், அதில் ஓடும் ஒரு சாஃப்ட்வேர், கூடவே ஓர் இன்டர்நெட் இணைப்பு. எக்ஸ்சேஞ்ச் என்பது இவ்வளவுதான். இந்த வகை சாஃப்ட்வேர்களில் உலகெங்கும் புழங்குவது ஆஸ்டெரிஸ்க். 1999-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர், தன் சின்னக் கம்பெனிக்கு எக்ஸ்சேஞ்ச் வாங்கக் கட்டுப்படியாகாமல் தானே எழுதிக்கொண்டது. எழுதியதை யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று பொதுவில் வைத்தார். அதனால்தான் இந்த ஆஸ்பத்திரி மாதிரியான இடங்களுக்கும் அது எட்டியது.

அதன் அமைப்பில் ஒரு விஷயம் நம் கதைக்கு முக்கியம். நூறு பேர் பேசினாலும் நூறு பேச்சையும் நடத்துவது ஒரே புரோகிராம். ஒரே வீட்டுக்குள் பல பேர் ஆளுக்கொரு வேலை செய்வது போல, அதற்குள் பல இழைகள் ஓடுகின்றன. ஒரு இழை தன்னுடையதல்லாத நினைவிடத்தில் கை வைத்தால், ஆபரேட்டிங் சிஸ்டம் அந்த இழையை மட்டும் தண்டிப்பதில்லை. வீட்டையே இடித்துவிடுகிறது. ஒரு அழைப்பின் கோளாறு அத்தனை அழைப்புகளையும் அறுப்பது இப்படித்தான்.

இடிந்த வீட்டை உடனே கட்டிக் கொடுக்கவும் ஒரு காவல்காரன் உண்டு. முக்கியப் புரோகிராம் செத்ததைப் பார்த்தவுடன் அதைத் திரும்பக் கிளப்பிவிடும் ஒரு சின்னப் புரோகிராம் அது. ராத்திரி இரண்டு மணிக்கு எக்ஸ்சேஞ்ச் விழுந்தால் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த மாதம் மட்டும் காவல்காரன் 23 முறை வேலை செய்திருந்தான் என்பது ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் யாருக்கும் தெரியாது.

எப்படித் தெரியும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். 23 முறை, ஒவ்வொன்றும் பத்து விநாடி, மொத்தம் 230 விநாடி. 30 நாள் மாதத்தில் 25,92,000 விநாடிகள். எக்ஸ்சேஞ்ச் வேலை செய்த நேரம் 99.99 சதவீதம். மாதாந்தர அறிக்கையில் அந்த எண்தான் தடித்த எழுத்தில் இருந்தது. நிர்வாகி அதைப் பெருமையோடு என்னிடமே காட்டினார். பொய்யில்லை, முழுக்க உண்மை. 23 முறையும் நடுப்பேச்சில் அறுபட்டவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் அதில் இல்லை.

இன்னொரு கொடுமை. எந்த அழைப்பு எப்போது வந்தது, எவ்வளவு நேரம் பேசினார்கள் என்ற பதிவை எக்ஸ்சேஞ்ச் எழுதுவது பேச்சு முடிந்த பிறகு. பேச்சு முடியும் முன்பே எக்ஸ்சேஞ்ச் செத்துவிட்டால் எழுத ஆளில்லை. ஆக, எந்த அழைப்பு எக்ஸ்சேஞ்சைக் கொன்றதோ, அந்த அழைப்பு வந்ததாகவே அதன் கணக்கில் இருக்காது. சோலாப்பூர்ப் பெண் போன் செய்ததற்கு அந்தக் கட்டடத்தில் இருந்த ஒரே சாட்சி தாயியின் நோட்டு.

“விழுந்தால் மறுபடியும் போடு” என்பது கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து நாம் எல்லோரும் கற்றுக்கொண்ட வைத்தியம். பாங்கிலும் சரி, ரயில்வே ரிசர்வேஷனிலும் சரி, முதலில் செய்வது அதைத்தான். பல சமயம் பலிக்கவும் செய்கிறது. பலிக்காதபோது என்ன ஆகும் என்பதற்கு டெலிபோன் சரித்திரத்திலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு.

1990 ஜனவரி 15. அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. கம்பெனி. நியூயார்க்கிலிருந்த ஒரு எக்ஸ்சேஞ்சில் சின்னக் கோளாறு. வழக்கப்படி அது தன்னைத்தானே சில விநாடி நிறுத்தி, மறுபடி கிளப்பிக்கொண்டது. திரும்பி வந்ததும் பக்கத்து எக்ஸ்சேஞ்சுகளுக்கு அழைப்புகளை அனுப்ப ஆரம்பித்தது. அவை ‘ஓ, இவன் திரும்பிவிட்டான்’ என்று தங்கள் குறிப்பைத் திருத்திக்கொண்டிருக்கும்போதே அடுத்த செய்தியும் வந்து விழுந்தால், அவற்றின் சாஃப்ட்வேர் தடுமாறியது. ஒரு மாதம் முன்பு போட்ட புதிய சாஃப்ட்வேரில், சி மொழியில் ‘பிரேக்’ என்ற ஒரு கட்டளை தவறான இடத்தில் இருந்ததுதான் காரணம். தடுமாறிய எக்ஸ்சேஞ்சுகளும் தங்களை நிறுத்திக் கிளப்பிக்கொண்டன. திரும்பி வந்ததும் தங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களைத் தடுமாற வைத்தன. இப்படி 114 எக்ஸ்சேஞ்சுகள் ஒன்றையொன்று விழத்தட்டி எழுப்பி, மறுபடி விழத்தட்டின. 9 மணி நேரம் அமெரிக்காவின் தொலைதூரத் தொடர்பு திணறியது. மறுபடி கிளம்புவதே அங்கே தொற்று நோயாகிவிட்டது.

இன்டர்நெட் டெலிபோனுக்கு வந்த பிறகும் இந்தப் பாடம் திரும்ப வந்தது. 2007 ஆகஸ்ட் 16 அன்று ஸ்கைப் படுத்துக்கொண்டது. விண்டோஸின் வழக்கமான அப்டேட் ஒன்றுக்காக உலகெங்கும் ஏராளமான கம்ப்யூட்டர்கள் குறுகிய நேரத்துக்குள் மறுபடி கிளம்பின. எல்லாமே ஒரே சமயத்தில் ஸ்கைப்புக்குள் நுழையப் பார்த்தன. அந்த நெரிசலில், அதுவரை யார் கண்ணிலும் படாமல் ஒளிந்திருந்த ஒரு சாஃப்ட்வேர் பிழை வெளியே வந்தது. சுமார் இரண்டு நாட்களுக்குச் சேவை இல்லை. அந்த ஸ்கைப் 2025 மே மாதம் நிரந்தரமாகவே மூடப்பட்டது வேறு கதை.

அப்படியானால் மறுபடி கிளப்புவதே தவறா? இல்லை. ஸ்வீடனின் எரிக்ஸன் கம்பெனியில் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங் என்ற விஞ்ஞானி 1986-லிருந்து சக ஊழியர்களோடு சேர்ந்து எக்ஸ்சேஞ்சுகளுக்காகவே எர்லாங் என்ற மொழியை உருவாக்கினார். ‘விழுந்தால் விழட்டும்’ என்பதே அவர்களுடைய கொள்கை. ஆனால் அங்கே வேலைகள் தனித்தனி அறைகளில் நடக்கின்றன. விழுவது அந்த ஒரு அறை மட்டும். பக்கத்து அறையில் பேசுபவருக்குத் தெரியாது. முக்கியமாக, மேற்பார்வை செய்யும் புரோகிராம் அறையைத் திரும்பக் கட்டும்போது, ஏன் விழுந்தது என்று ஒரு குறிப்பும் எழுதிவைக்கிறது. ஆஸ்பத்திரியின் காவல்காரன் அதைச் செய்யவில்லை. விழுந்ததை நிமிர்த்தினான், ரத்தத்தைக் கழுவினான், போய்விட்டான்.

என் அண்ணன் மகள் முதலில் செய்த காரியம் எனக்கு வினோதமாகப் பட்டது. அவள் எதையும் சரிசெய்யவில்லை. “இன்னொரு முறை விழட்டும் சித்தப்பா, காத்திருக்கிறேன்” என்றாள்.

காரணம் இருந்தது. எக்ஸ்சேஞ்ச் நின்றுபோனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது எந்த வகைச் சாவு என்பது. தன் தவறால் தானே விழுந்ததா? நினைவிடம் போதாமல் ஆபரேட்டிங் சிஸ்டம் அதைக் கொன்றதா? அல்லது சாகவே இல்லையா? இரண்டு இழைகள் ஒன்றின் சாவிக்காக இன்னொன்று காத்து நின்று உறைந்துபோவதும் உண்டு. அப்போது புரோகிராம் உயிரோடு இருக்கும், பேச்சு மட்டும் இருக்காது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. பார்க்காமல் மறுபடி கிளப்பினால் மூன்றும் ஒன்று போலவே தெரியும்.

தானே விழுந்த வகையென்றால், விழுந்த கணத்தில் அதன் நினைவில் என்னென்ன இருந்ததோ அத்தனையையும் ஒரு ஃபைலாக எழுதிவைக்க முடியும். கோர் டம்ப் என்று பெயர். காந்த வளையங்களால் நினைவிடம் செய்த காலத்துப் பெயர், இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போலீஸ் வந்து பார்க்கும் வரை எதையும் தொடாமல் வைத்த அறை மாதிரி. ஆனால் பெரும்பாலான லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் அந்த ஃபைலுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு, யாரும் மாற்றாத வரை, பூஜ்யம். எழுதினால் டிஸ்க் நிறையுமே என்ற முன்ஜாக்கிரதை. ஆக 23 சாவுகளுக்கும் பிரேதப் பரிசோதனை கிடையாது. அவள் அந்த அளவை உயர்த்திவிட்டுக் காத்திருந்தாள்.

மறுநாளே ஒன்று கிடைத்தது. அதைத் திறந்து, ‘எந்தக் கட்டளை எதைக் கூப்பிட்டது, அது எதைக் கூப்பிட்டது’ என்று கடைசி மூச்சிலிருந்து பின்னோக்கிப் படிக்கும் கருவி உண்டு. படித்தால் பாதி இடங்களில் விவரம் இல்லை. வேகத்துக்காக இறுக்கிக் கட்டப்பட்ட சாஃப்ட்வேரில் அப்படித்தான் இருக்குமாம். ஆகவே இறுக்காமல், ஒவ்வொரு அடையாளத்தையும் விட்டுவைத்து, அதே சாஃப்ட்வேரைத் திரும்பக் கட்டிப் போட்டாள். மேலும் இரண்டு சாவுகள். ஒன்று ஒரு இடத்தில், இன்னொன்று சம்பந்தமில்லாத வேறு இடத்தில்.

“அப்படியானால் இரண்டு கோளாறா?” என்றேன்.

“இல்லை சித்தப்பா. பிணம் கிடக்கும் இடத்தில்தான் கொலை நடந்தது என்று சொல்ல முடியாது. யாரோ எங்கேயோ நினைவிடத்தை நாசம் பண்ணிவிட்டுப் போயிருக்கிறார்கள். பிறகு அந்தப் பக்கம் போகிற அப்பாவி விழுகிறான்.”

அப்பாவிகளை விட்டுவிட்டு அவர்களுக்குள் என்ன பொது என்று தேட வேண்டும். அங்கேதான் தாயியின் நோட்டு வந்தது. 23 சாவுகளில் 19 அதில் இருந்தன. மற்ற நான்கும் தாயி வீட்டுக்குப் போன பிறகு நடந்தவை. 19-லும் ஒரு ஒற்றுமை. எல்லாமே கட்டணமில்லாத எண்ணில் வந்தவை. எல்லாமே டாக்டரிடமோ வார்டுக்கோ மாற்றிக் கொடுக்கும்போது அறுந்தவை. நேரடியாக வரும் சாதாரண லோக்கல் அழைப்புகளில் ஒன்றுகூட இல்லை.

கட்டணமில்லாத எண் வேறொரு கம்பெனியின் இணைப்பில் வருகிறது. டெலிபோன் குரலைச் சாதாரணமாக அனுப்ப விநாடிக்கு 64 கிலோபிட் வேண்டும். செலவைக் குறைக்க அந்த இணைப்பில் அதை 8 கிலோபிட்டாகச் சுருக்கி அனுப்புகிறார்கள். சுருங்கி வந்த குரலை ஆஸ்பத்திரி எக்ஸ்சேஞ்ச் விரித்துக் கொடுக்க வேண்டும். விரிப்பதற்கென்று ஒரு தனித் துணைப் புரோகிராம் இருக்கிறது. அழைப்பை மாற்றிக் கொடுக்கும்போது அதை மூடித் திறக்க வேண்டியிருக்கிறது.

அவள் அந்தத் துணைப் புரோகிராம்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து தேதிவாரியாக அடுக்கினாள். நூற்றுக்கு மேற்பட்ட ஃபைல்கள். எல்லாமே ஒரே தேதி, எக்ஸ்சேஞ்ச் சாஃப்ட்வேரைப் புதுப்பித்த நாள். ஒன்று மட்டும் பல வருடங்கள் பழையது. குரல் விரிப்பான். வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டியவர்கள் அந்த ஒரு கதவை மட்டும் பழையதையே விட்டுவிட்டார்கள். கதவு நிலையில் பொருந்துவது போலத்தான் இருந்தது, வேகமாகச் சாத்தும் வரை.

வேடிக்கை என்னவென்றால், புதுப்பிக்கும்போது ஆஸ்டெரிஸ்க்கே இதைச் சொல்லும். ‘இந்த ஃபோல்டரில் நான் போடாத பழைய ஃபைல்கள் இருக்கின்றன, ஜாக்கிரதை’ என்று எச்சரிக்கை திரையில் வரும். கடைசியில் வரும் அந்த வரிகளை யாரும் படிக்கவில்லை.

அவள் அப்போதும் அவசரப்படவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு, வார்டுகளுக்குச் சொல்லிவிட்டு, தன் மொபைலிலிருந்து கட்டணமில்லாத எண்ணைக் கூப்பிட்டாள். வீட்டுக்குப் போகாமல் இருந்த தாயி மாற்றிக் கொடுத்தார். நான்காவது முறை எக்ஸ்சேஞ்ச் விழுந்தது. இருவரும் சந்தோஷப்பட்டார்கள். வேண்டும்போது விழவைக்க முடிந்த பிறகுதான், சரிசெய்ததை நிரூபிக்கவும் முடியும். பழைய விரிப்பானை எடுத்துவிட்டு, புதிய சாஃப்ட்வேருக்குப் பொருந்துவதைப் போட்டாள். வேறு எதையும் தொடவில்லை. 200 முறை மாற்றிக் கொடுத்தார்கள். விழவில்லை.

அந்த கோர் டம்ப் ஃபைல்களை ஒரு நண்பருக்கு மெயிலில் அனுப்பிக் கருத்துக் கேட்கலாமே என்று நடுவில் நான் சொன்னபோது, அவள் முறைத்தாள். அதில் எக்ஸ்சேஞ்சின் பாஸ்வேர்டுகள் இருக்கும். யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்பது இருக்கும். நோயாளிகளின் எண்கள் இருக்கும். வேலை முடிந்ததும் அவற்றை அழிக்க வேண்டும், வெளியே விடக் கூடாது. உதவி கேட்கும் அவசரத்தில் பலர் மறப்பது இதைத்தான்.

இந்தியாவில் இன்டர்நெட் டெலிபோன் 2002 ஏப்ரலில் சட்டபூர்வமானபோது அது கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கும் வெளிநாட்டுக்கும் பேச மட்டும்தான். உள்நாட்டில் எந்த டெலிபோனுக்கும் இன்டர்நெட் வழியாகப் பேசும் சேவைக்கு 2018-ல்தான் வழி திறந்தது. இன்று ஆஸ்பத்திரி, பாங்க், உதவி எண் எதைக் கூப்பிட்டாலும் அந்தப் பக்கம் இருப்பது பெரும்பாலும் ஏதோ ஒரு சர்வர்தான். பழைய கறுப்பு டெலிபோனின் மீது நமக்கிருந்த நம்பிக்கையை யாரையும் கேட்காமல் அதன் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டோம். எனவே அதை நடத்துபவர்களிடம் எத்தனை சதவீதம் ஓடியது என்று கேட்டுப் பயனில்லை. எத்தனை முறை விழுந்தது, ஒவ்வொரு முறையும் ஏன் விழுந்தது, அப்போது யார் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் 99.99-க்கு அர்த்தம் இல்லை.

தாயி அந்த மூன்றாவது கேள்வியோடு இருந்தார். எக்ஸ்சேஞ்ச் சரியான மறுநாள் காலை, என் அண்ணன் மகளிடம் அவர் கேட்டது அது ஒன்றுதான். அறுந்துபோனவர்களின் எண்கள் கிடைக்குமா?

கிடைத்தன. கட்டணமில்லாத எண்ணுக்குப் பணம் கட்டுவது ஆஸ்பத்திரி என்பதால், இணைப்புக் கொடுத்த கம்பெனியின் பில்லில் ஒவ்வொரு அழைப்பும், எண்ணும், நேரமும் இருந்தன. எக்ஸ்சேஞ்ச் மறந்ததை பில் மறக்கவில்லை. நோட்டிலிருந்த நேரத்தையும் பில்லிலிருந்த நேரத்தையும் ஒத்துப்பார்த்து 19 எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்.

தாயி ஒவ்வொன்றாகக் கூப்பிட ஆரம்பித்தார். சிலர் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டிருந்தார்கள். சிலர் “இப்போது எதற்கு?” என்று கோபித்தார்கள். சோலாப்பூர்ப் பெண் எடுத்தாள். குழந்தையை அன்றே ஆட்டோவில் தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்களாம், இப்போது நன்றாக இருக்கிறதாம். அவளிடம் தாயி மன்னிப்புக் கேட்டார். சாஃப்ட்வேர் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று எண்களை யாரும் எடுக்கவில்லை. நான் ஊருக்குக் கிளம்பும்போதும் அந்த மூன்றைச் சுற்றி வட்டம் போட்டு, தாளை டெலிபோனுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்.